தோற்றுப்போன பதிவை என்ன செய்வது: மறுஓட்டமா, மறுபதிவா, நேரடித் திருத்தமா, மீட்பா?

இஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும்) மென்பொருளில் சேமி பொத்தானை அழுத்தியாயிற்று, திரையின் கீழே ஆவண எண்ணும் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் 'அப்டேட் நிறுத்தப்பட்டது' என்றொரு செய்தி வருகிறது. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் ஆவணமே இல்லை. எஸ்ஏபி என்ற இஆர்பி மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. மற்ற மென்பொருள்களில் செய்தியின் வாசகம் மாறும், சங்கடம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஆதரவுக் குழுவுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. தோற்ற செயலை அப்படியே மறுபடி ஓட்டலாம். பயனரையே திரும்ப உள்ளிடச் சொல்லலாம். தரவுத்தளத்துக்குள் போய் எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்கான கட்டளை மொழி) எழுதிச் சரிசெய்யலாம். பேக்கப்பிலிருந்து மீட்கலாம். எந்த வழி என்பதைப் பல இடங்களில் அவசரம்தான் தீர்மானிக்கிறது: போனில் யார் கத்துகிறார்கள், மாத முடிவுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது. அப்படிப் போனால் முதல் வழியோ மூன்றாவது வழியோதான் ஜெயிக்கும், ஏனென்றால் அவை இரண்டுக்கும் பயனரைக் கூப்பிட வேண்டியதில்லை. என் கட்சி வேறு. சோம்பேறித்தனம் என்று பலரும் ஒதுக்கும் இரண்டாவது வழிதான், பயனரே திரும்ப உள்ளிடுவதுதான், பெரும்பாலான சமயம் பாதுகாப்பானது. மற்ற மூன்றும் அதைவிட மேலாக இருக்கும் சூழல்கள் உண்டு. அவை எவை என்று தெரிந்துவைத்திருந்தால் போதும்.

எதுவரை எழுதப்பட்டது?

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். தோற்ற செயல் தரவுத்தளத்தில் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறதா? 'டிரான்சாக்ஷன் (சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) என்றால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது' என்ற பாட வரியை நம்பி இந்தக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கமிட்டும் (மாற்றங்களை நிரந்தரமாக்கும் கட்டளை) ரோல்பேக்கும் (அவற்றைப் பின்வாங்கும் கட்டளை) ஒழுங்காகக் கொடுக்கப்பட்டால் அந்த வரி சரி. பிழை வந்தவுடன் எவ்வளவு தூரம் தானாகவே ரோல்பேக் ஆகும் என்பது மட்டும் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும்.

டெட்லாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு டிரான்சாக்ஷன்கள், ஒன்று பிடித்த பூட்டுக்காக மற்றொன்று என்று, காத்து நிற்பது. எஸ்கியூஎல் சர்வரில் அது 1205 என்ற எண்ணோடு வரும். பலியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டிரான்சாக்ஷன் முழுவதும் ரோல்பேக் ஆகிவிடும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினில் எண் 1213, விளைவு அதேதான். ஆரக்கிளில் ஓஆர்ஏ-00060 வந்தால் மாட்டிக்கொண்ட அந்த ஒரு ஸ்டேட்மென்ட் (எஸ்கியூஎல் கட்டளை) மட்டும்தான் பின்வாங்கப்படும். அதற்கு முன் செய்த மாற்றங்கள், பிடித்த பூட்டுகளோடு சேர்ந்து, அப்படியே நிற்கும். அப்ளிகேஷன் அந்தப் பிழையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய் கமிட் கொடுத்தால் பாதி ஆவணம் நிரந்தரமாகிவிடும்.

இதைவிடக் குழப்பமானது மைஎஸ்கியூஎல்லின் 1205. எஸ்கியூஎல் சர்வரில் டெட்லாக்கைக் குறிக்கும் அதே எண், இங்கே 'பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது' என்பதைக் குறிக்கும். முன்னிருப்பில் 50 நொடி காத்திருக்கும். அப்புறம் அந்த ஸ்டேட்மென்ட்டை மட்டும் கைவிடும், டிரான்சாக்ஷன் திறந்தே கிடக்கும். இரண்டு தரவுத்தளங்களும் உள்ள நிறுவனத்தில் 'ஓ, 1205-ஆ, அதெல்லாம் ரோல்பேக் ஆகியிருக்கும்' என்று யாராவது சொன்னால், எந்தத் தரவுத்தளம் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. எஸ்கியூஎல் சர்வரிலேயே டூப்ளிகேட் கீ பிழையான (ஏற்கெனவே உள்ள சாவியோடு இன்னொரு வரி வருவது) 2627 வந்தால், எக்ஸ்ஆக்ட் அபார்ட் அமைப்பு ஆன் செய்யப்படாத வரை, அந்த ஸ்டேட்மென்ட் மட்டும்தான் தோற்கும். மிச்சம் கமிட் ஆகலாம்.

போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் கறார். டிரான்சாக்ஷனுக்குள் ஏதாவது ஒரு பிழை வந்தால் போதும், சேவ்பாயிண்ட் (நடுவில் திரும்பிவர ஓர் அடையாளம்) போட்டிருந்தாலொழிய அதற்குப் பிறகு எந்தக் கட்டளையையும் ஏற்காது. அந்த நிலையில் கமிட் என்று அனுப்பினாலும், ரோல்பேக் செய்துவிட்டேன் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைப் படிக்காமல் 'கமிட் கொடுத்தாச்சு' என்று எழுதிவைக்கும் நிரல்கள் உண்டு. லாக் ஃபைலில் வெற்றி என்று இருக்கும், டேபிளில் ஒன்றும் இருக்காது.

எல்லாவற்றிலும் மோசம், கமிட் போய்க்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோவது. ஆரக்கிளில் ஓஆர்ஏ-03113 என்று வரும். தரவுத்தளம் கமிட்டை முடித்துவிட்டுப் பதில் அனுப்பும் வழியில் அறுந்ததா, கமிட்டே போய்ச் சேரவில்லையா என்பது இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எஸ்கியூஎல் தரநிலையில் இதற்கென்றே 08007 என்று ஒரு குறியீடு இருக்கிறது: டிரான்சாக்ஷனின் முடிவு தெரியவில்லை என்று பொருள். ஆரக்கிள் 2013-ல் வந்த 12சி பதிப்பில் டிரான்சாக்ஷன் கார்டு என்ற வசதியைச் சேர்த்தது. அறுந்துபோன பிறகு திரும்பி வந்து 'என் கடைசி கமிட் நடந்ததா' என்று அப்ளிகேஷன் கேட்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், டேபிளில் போய்ப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. பார்க்காமல் நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது சூதாட்டம்.

மறுஓட்டம்

மறுஓட்டத்தில் இரண்டு ரகம். மென்பொருள் தானே உடனுக்குடன் செய்வது ஒன்று, மனிதர் பிற்பாடு வரிசையிலிருந்து எடுத்து ஓட்டுவது இன்னொன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நம்புகிறார்கள்.

முதல் ரகத்துக்கு ஓடூ என்ற இஆர்பி மென்பொருள் நல்ல உதாரணம். அது போஸ்ட்கிரெஸ் மேல் ஓடுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் டேபிளின் ஒரே வரியை மாற்றினால் ஒருவருக்கு 40001 என்ற வரிசைப்படுத்தல் பிழை வரும். ஓடூ அதைப் பயனரிடம் காட்டாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு, கோரிக்கை முழுவதையும் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்க்கும்; மொத்தம் 5 முயற்சி வரை. 'ஆரம்பத்திலிருந்து' என்பதுதான் இதில் முக்கியம். பழைய மதிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு இப்போதைய இருப்பு என்ன, விலை என்ன என்று புதிதாகப் படித்து, கணக்கைப் புதிதாகப் போடுகிறது. டெட்லாக்குக்கும் 40001-க்கும் இதுவே சரியான மருந்து, இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கோரிக்கையின் நடுவில் மின்னஞ்சல் போயிருக்கக் கூடாது, வங்கிக்குக் கட்டணக் கட்டளை போயிருக்கக் கூடாது. தரவுத்தளம் ரோல்பேக் ஆகும், அனுப்பிய மின்னஞ்சல் ஆகாது.

இரண்டாவது ரகத்துக்கு வருவோம். எஸ்ஏபி-யில் பயனர் சேமித்தவுடன், எழுதவேண்டிய மதிப்புகள் எல்லாம் ஒரு கோரிக்கையாகக் கட்டப்பட்டு விபிடேட்டா போன்ற டேபிள்களில் வைக்கப்படும். தனி அப்டேட் புராசஸ் ஒன்று அதை எடுத்து உண்மையான டேபிள்களில் எழுதும். தோற்றால் எஸ்எம்13 திரையில் சிவப்பாக நிற்கும். அங்கே 'ரிப்பீட்' என்ற வசதி இருக்கிறது. அதை அழுத்த எல்லோருக்கும் கை அரிக்கும்.

அந்த ரிப்பீட் எதையும் புதிதாகப் படிப்பதில்லை. காலையில் கட்டி வைத்த மதிப்புகளை மாலையில் எழுதும், அவ்வளவுதான். இதற்கிடையில் நடந்த இன்னொன்றும் இருக்கிறது: முக்கியப் பகுதியான வி1 தோற்றவுடன் அந்த ஆவணத்துக்காகப் பிடித்திருந்த எஸ்ஏபி பூட்டுகள் விடப்பட்டுவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் அதே பொருளையோ வாடிக்கையாளரையோ திறந்து மாற்றலாம். காலை 10 மணிக்கு ஒரு பொருளின் விலையை 480-லிருந்து 510 ஆக்கினார் ஒருவர், அப்டேட் தோற்றது. பிற்பகல் 3 மணிக்கு இன்னொருவர் பார்த்தார்; இன்னும் 480 என்றே இருக்கிறதே என்று அன்றைய நிலவரப்படி 525 என்று போட்டார், அது போய்ச் சேர்ந்தது. மாலை 5 மணிக்கு ஆதரவுக் குழு காலைக் கோரிக்கையை ரிப்பீட் செய்கிறது. எழுதும் மாட்யூல் முழு மதிப்பையே எழுதும் வகையாக இருந்தால் விலை 510 ஆகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. டிக்கெட்டும் 'தீர்ந்தது' என்று மூடப்படும்.

சரிபார்ப்புகளும் இதே கதைதான். கணக்குக் காலம் திறந்திருக்கிறதா, பட்ஜெட் இருக்கிறதா, வாடிக்கையாளர் தடை செய்யப்பட்டிருக்கிறாரா என்பதெல்லாம் பொதுவாகத் திரைக் கட்டத்திலேயே முடிந்துவிடுபவை. அப்டேட் கட்டம் அவற்றை நம்பி எழுதும்.

அப்படியானால் ரிப்பீட் எப்போது சரி? காரணம் முழுக்க முழுக்க வெளியே இருந்து, அது சரியாகிவிட்டு, இடைப்பட்ட நேரமும் குறைவாக இருக்கும்போது. டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களுக்கு ஒதுக்கிய இடம்) நிரம்பி ஓஆர்ஏ-01653 வந்தது, ஆர்க்கைவ் லாக் இடம் தீர்ந்து ஓஆர்ஏ-00257 வந்தது, எஸ்கியூஎல் சர்வரில் டிரான்சாக்ஷன் லாக் (மாற்றங்களின் பதிவேடு) நிரம்பி 9002 வந்தது. 20 நிமிடத்தில் நூற்றுக்கணக்கான ஆவணங்கள் தோற்றன. அத்தனை பேரையும் கூப்பிட்டு மறுபடி தட்டச்சு செய்யச் சொல்வது நடக்காத காரியம். தரவு தவறில்லை, இடம்தான் இல்லை. இங்கே ரிப்பீட் செய்யலாம், அதுவும் தோற்ற வரிசையிலேயே. வி2 என்ற இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் புள்ளிவிவரப் பகுதிகள் இருக்கும். வி1 முடிந்த பிறகு பூட்டு இல்லாமலேயே ஓடும்படி எழுதப்பட்டவை என்பதால், அவை தோற்றிருந்தால் ரிப்பீட் செய்யப் பெரிதாகத் தயங்க வேண்டியதில்லை.

இன்னும் நல்லது, தோற்கவே விடாமல் நிறுத்தி வைப்பது. எஸ்ஏபி-யில் ஆர்டிஸ்பி/விபி_ஸ்டாப்_ஆக்டிவ் என்ற அமைப்பு இருக்கிறது. டேபிள்ஸ்பேஸ் நிரம்புவது போன்ற கடுமையான தரவுத்தளப் பிழை வந்தால் அப்டேட் வேலையையே அது நிறுத்திவிடும். கோரிக்கைகள் தோல்வியாக மாறாமல், பூட்டுகளோடு, காத்திருக்கும் நிலையில் நிற்கும். இடம் சேர்த்தபின் எஸ்எம்14-ல் திரும்ப இயக்கினால் விட்ட இடத்திலிருந்து போகும். ஆரக்கிளிலேயே ரெஸ்யூமபிள் என்ற வசதி இதைத்தான் செய்கிறது: இடம் இல்லாத ஸ்டேட்மென்ட்டை முறிக்காமல் முன்னிருப்பாக 7200 நொடி காக்க வைக்கும். பெரிய இரவு ஓட்டங்களுக்கு இந்த இரண்டு மணி நேரம் பெரிய வரம். இதை அமைத்து வைக்காத இடங்கள்தான் அதிகம், ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும்: எஸ்எம்13-ல் நிற்கும் கோரிக்கைகள் சாசுவதம் இல்லை. ஆர்டிஸ்பி/விபிடெலீட் அமைப்பின் முன்னிருப்பு 50 நாள். அதற்கு மேல் பழையவை அழிக்கப்படும். காலாண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ள குழுவுக்கு ஆதாரமே மிஞ்சாது.

மறுபதிவு

பயனரைக் கூப்பிட்டுத் திரும்ப உள்ளிடச் சொல்வதற்கு ஆதரவுக் குழுக்கள் கூச்சப்படுகின்றன. 'உங்கள் சிஸ்டம் தப்பு செய்தது, நான் ஏன் இரண்டு தடவை தட்டச்ச வேண்டும்' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மறுபதிவில் கிடைப்பது மறுஓட்டத்தில் கிடைக்காது: இன்றைய மதிப்புகள், இன்றைய சரிபார்ப்பு, புதிய பூட்டுகள், தடயத்தில் அந்தப் பயனரின் பெயர், அப்புறம் ஒரு புதிய எண்.

அந்தப் புதிய எண் சில சமயம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். டூப்ளிகேட் கீ பிழைகளில் ஒரு பெரிய பங்கு, எண் வரிசையின் கணக்கு டேபிளில் உள்ள எண்களைவிடப் பின்தங்கிவிடுவதால் வருகிறது. தரவை இன்னொரு சிஸ்டத்திலிருந்து நகலெடுத்துக் கொண்டுவந்தபின் இப்படி ஆகும். போஸ்ட்கிரெஸில் மொத்தமாகத் தரவை ஏற்றிவிட்டு சீக்வென்ஸை (அடுத்த எண்ணைத் தரும் எண்ணியை) முன்னகர்த்த மறந்தாலும் இதுதான். அப்படித் தோற்ற எஸ்ஏபி கோரிக்கைக்குள் மோதிய அந்த எண்ணே பதிந்து கிடக்கிறது. நூறு முறை ரிப்பீட் செய்தாலும் நூறு முறையும் தோற்கும். எண் வரிசையைச் சரிசெய்துவிட்டு மறுபதிவு செய்தால் முதல் முறையே போய்விடும்.

டூப்ளிகேட் கீ பற்றி இன்னொன்று. இணைப்பு அறுந்தபின் அதே சாவியோடு மறுபடி முயன்று டூப்ளிகேட் கீ வந்தால், அது பெரும்பாலும் நல்ல செய்தி. முதல் முயற்சியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பிழையைப் பார்த்து 'மறுபடியும் தோற்றது' என்று வேறு எண்ணில் இரண்டாவது ஆவணம் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவரே தரும் குறிப்பு எண் ஒன்றும், அதன் மேல் யூனிக் இண்டெக்ஸும் (ஒரே மதிப்பை இரண்டாம் முறை வர விடாத ஏற்பாடு) வேண்டும் என்கிறேன். தானாக வளரும் எண் மட்டும் சாவியாக இருந்தால் அதே ஆவணம் இரண்டு முறை வந்தாலும் தரவுத்தளம் வாயைத் திறக்காது.

மறுபதிவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பழைய எண் காலியாக நிற்கும்; வரிசையில் இடைவெளி ஏன் என்று தணிக்கையில் கேட்பார்கள். எஸ்ஏபி நிதிப் பகுதியில் நிறுத்தப்பட்ட பதிவுகளைப் பட்டியலிட ஆர்எஃப்விபிஇஆர்00 என்ற அறிக்கை இருப்பது இதற்காகத்தான். அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் கவனிக்க வேண்டியது. 31-ஆம் தேதி இரவு தோற்றதை 1-ஆம் தேதி காலையில் உள்ளிட்டால் திரை புதிய தேதியைத்தான் முன்வைக்கும். மாற்றாமல் சேமித்தால் செலவு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். இடைமுகம் வழியாக வந்த ஆவணங்களுக்கு 'பயனர்' என்று யாரும் இல்லை. அங்கே மறுபதிவு என்றால் அனுப்பிய சிஸ்டத்திலிருந்து திரும்ப அனுப்பச் சொல்வது. 

நீளம் மீறிய மதிப்பு, இல்லாத மாஸ்டர் பதிவை (வாடிக்கையாளர், பொருள் போன்ற அடிப்படைப் பதிவை) சுட்டும் வெளிச்சாவி ஆகியவற்றில் தேர்வுக்கே இடமில்லை. தரவுதான் தப்பு. ஆரக்கிளின் ஓஆர்ஏ-12899 எந்த நெடுவரிசை, எவ்வளவு நீளம், வரம்பு எவ்வளவு என்று மூன்றையும் சொல்லிவிடும். எஸ்கியூஎல் சர்வர் வெகுகாலம் 'வெட்டுப்படும்' என்று மட்டும் சொல்லி நம்மை அலையவிட்டது; 2019 பதிப்பிலிருந்து 2628 என்ற பிழையில் டேபிள், நெடுவரிசை, மதிப்பு எல்லாம் வருகின்றன. பார்த்து, திருத்தி, மறுபதிவு செய்ய வேண்டியதுதான்.

நேரடித் திருத்தம்

ஒரே ஒரு அப்டேட் ஸ்டேட்மென்ட். இரண்டு நிமிட வேலை. இதன் கவர்ச்சி புரிகிறது. டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) அனுமதி உள்ளவர் பக்கத்து மேசையிலேயே இருந்தால் இன்னும் கவர்ச்சி.

சிக்கல் எங்கே என்றால், வணிக மென்பொருளில் ஒரு நிகழ்வு ஒரு டேபிளில் வாழ்வதில்லை. எஸ்ஏபி-யின் பழைய பதிப்பான இசிசி-யில் ஒரு கணக்குப் பதிவு தலைப்பாக பிகேபிஎஃப்-லும், வரிகளாக பிஎஸ்இஜி-யிலும் இருக்கும். அதே வரிகளின் நகல்கள் திறந்தவை, மூடியவை என்று பிஎஸ்ஐடி, பிஎஸ்ஏடி போன்ற டேபிள்களில். கூட்டுத்தொகைகள் இன்னொரு இடத்தில். பிஎஸ்இஜி-யில் மட்டும் தொகையைத் திருத்தினால் ஆவணத் திரை ஒன்று காட்டும், வாடிக்கையாளர் நிலுவை அறிக்கை வேறொன்று காட்டும், பேரேட்டு இருப்பு மூன்றாவதாக ஒன்று காட்டும். 2015-ல் வந்த எஸ்/4ஹானா இந்த நகல்களைப் பெருமளவு ஒழித்து ஏசிடிஓசிஏ என்ற ஒரே டேபிளை மையமாக்கியது. ஆனாலும் பிஎஸ்இஜி அங்கேயும் இருக்கிறது. 'இப்போ ஒரே டேபிள்தானே' என்று கை வைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாற்ற வரலாறும் எழுதப்படாது. யார், எப்போது, எந்த மதிப்பை எதுவாக மாற்றினார் என்பதை அப்ளிகேஷன்தான் எழுதுகிறது. தரவுத்தளத்துக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அப்புறம் பஃபர். எஸ்ஏபி அப்ளிகேஷன் சர்வர்கள் சில டேபிள்களைத் தங்கள் நினைவகத்தில் வைத்திருக்கும். எஸ்கியூஎல்லில் நேரடியாக மாற்றியது அவற்றுக்குத் தெரியவராது. தரவுத்தளத்தில் புதிய மதிப்பு, திரையில் பழைய மதிப்பு. இன்னொரு சர்வர் வழியாக நுழைந்தவருக்குப் புதியது. 'எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது' என்று இரண்டு பேர் சண்டை போடும் அளவுக்கு இது போகும்.

ஆரக்கிளின் இஆர்பி மென்பொருளான இ-பிசினஸ் சூட் தன் கையேடுகளிலேயே, அப்ளிகேஷன் தரவைத் தரவுத்தளக் கருவிகளால் மாற்றாதீர்கள் என்று எச்சரிக்கிறது. அங்கே உள்ளே தரவைக் கொண்டுபோக இடைமுக டேபிள்கள் தனியாக உண்டு. ஜிஎல்_இன்டர்ஃபேஸில் வரிகளைப் போட்டால் ஜர்னல் இம்போர்ட் அவற்றைச் சரிபார்த்து உள்ளே எடுக்கும். அந்த இடைமுக டேபிளில் நிராகரிக்கப்பட்டு நிற்கும் வரியைத் திருத்துவது, இறுதி டேபிளைத் தொடுவதற்கு ஈடாகாது. முன்னதற்குச் சரிபார்ப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. இ-பிசினஸ் சூட்டிலேயே அதற்கென்று ஒரு திருத்தத் திரையும் இருப்பதால், அங்கேகூட எஸ்கியூஎல் கடைசியாகத்தான் தேவைப்படும்.

எனவே நேரடித் திருத்தம் எனக்கு மூன்று இடத்தில்தான் சம்மதம்: நிறுவனமே உருவாக்கிய சொந்த டேபிள்கள், மேலே சொன்ன மாதிரி நடுவழி டேபிள்கள், மென்பொருள் தயாரிப்பாளர் அந்தக் குறிப்பிட்ட பிழைக்கென்று எழுதிக்கொடுத்த திருத்த ஸ்கிரிப்ட். மற்ற இடத்தில் தயாரிப்பாளரிடம் டிக்கெட் போட்டுக் காத்திருப்பதே மேல், அது எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும்.

சம்மதமான இடத்திலும் எழுதும் முறை முக்கியம். முதலில் அதே WHERE நிபந்தனையோடு செலெக்ட் போட்டு எத்தனை வரி என்று எண்ணுங்கள். அந்த வரிகளை ஒரு தனி டேபிளில் நகலெடுத்து வையுங்கள். அப்டேட்டின் நிபந்தனையில் சாவி மட்டும் போதாது, பழைய மதிப்பும் இருக்க வேண்டும்: 'எண் 4711, நிலை இன்னும் பிழை என்றே இருந்தால், நிலையைப் புதியது என்று மாற்று'. இதற்கிடையில் வேறு யாராவது அந்த வரியைச் சரிசெய்திருந்தால் உங்கள் அப்டேட் 0 வரி என்று திரும்பும், ஒன்றும் கெடாது. 3 வரி எதிர்பார்த்து 3,000 வரி என்று வந்தால் ரோல்பேக் கொடுக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். அதற்கு ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் தானே கமிட் செய்யும் அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் அது முன்னிருப்பில் ஆனில் இருக்கும் என்பதை மறந்துதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

மீட்பு

ஒரு பதிவு தோற்றதற்காக யாரும் முழுத் தரவுத்தளத்தைப் பின்னுக்கு இழுக்க மாட்டார்கள் என்று நினைக்கலாம். மூன்றாவது வழி கைமீறிப் போனபிறகு இந்தப் பேச்சு வரும். உள்ளதை அழித்து அதன் மேல் மீட்பது, தவறு நடந்த நேரத்துக்குப் பிறகு எல்லோரும் செய்த சரியான வேலையையும் சேர்த்து அழித்துவிடும். போஸ்ட்கிரெஸின் குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்கும் வசதி சர்வரில் உள்ள எல்லாத் தரவுத்தளங்களுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும். ஒரு டேபிளுக்கு மட்டும் என்று கேட்க முடியாது.

நடைமுறையில் உதவுவது, பக்கத்தில் வேறொரு சர்வரில் மீட்டு, தேவையான வரிகளை மட்டும் அங்கிருந்து பார்த்து எடுப்பது. ஆரக்கிள் 12சி முதல் ஆர்மேன் என்ற பேக்கப் கருவியே ஒரு டேபிளை இப்படி மீட்டுத் தரும். அதுவும் உள்ளுக்குள் தற்காலிகமாக ஒரு துணைத் தரவுத்தள இன்ஸ்டன்ஸை எழுப்பித்தான் செய்கிறது. சற்று முன் நடந்த தவறு என்றால் ஃபிளாஷ்பேக் கொயரி இன்னும் எளிது: 'அந்த நேரத்தில் இருந்தபடி' என்று செலெக்ட் போட்டால் பழைய வரி வரும். ஆனால் அது பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அன்டூ இடத்தை நம்பி இருக்கிறது. அன்டூ ரிடென்ஷனின் முன்னிருப்பு 900 நொடிதான். கூட்டம் போட்டு விவாதித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் பழைய மதிப்பு கிடைக்காமல் ஓஆர்ஏ-01555 வந்து நிற்க வாய்ப்பு அதிகம். கூட்டத்துக்குப் போகும் முன் பழைய வரிகளை ஒரு தனி டேபிளில் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

ஒரே இரவில் நான்கும்

உண்மையில் ஒரு சம்பவத்துக்கு ஒரே வழி என்று அமைவது அரிது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். எஸ்கியூஎல் சர்வர் மேல் ஓடும் இஆர்பி. மாத முடிவு இரவு 11:40-க்கு 9002 பிழை, லாக் நிரம்பிவிட்டது. பலர் உடனே டிஸ்க்கைப் பெரிதாக்க ஓடுவார்கள். அதற்கு முன் சிஸ்.டேட்டாபேஸஸில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். லாக் பேக்கப்புக்காகக் காத்திருக்கிறது என்றால் நின்றுபோன பேக்கப் வேலையை ஓட்டினால் போதும். திறந்த டிரான்சாக்ஷன் என்றால் யாரோ எங்கோ கமிட் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு இடம் சேர்த்தாலும் அதுவும் நிரம்பும்.

12:25-க்கு லாக் சரியானது. தோற்ற ஆவணங்களை இப்போது ஒரே பட்டியலாகப் பார்க்காமல் பிரிக்க வேண்டும். 11:40-க்குப் பிறகு யாரும் தொடாத பொருட்கள், கணக்குகள் மேல் வந்த உள் பதிவுகளை வரிசைப்படி மறுஓட்டம் செய்யலாம். இடைப்பட்ட 45 நிமிடத்தில் வேறொருவர் கை வைத்த பதிவுகளை அவரவரிடம் மறுபதிவுக்கு அனுப்ப வேண்டும், பதிவுத் தேதி 31 என்று கொட்டை எழுத்தில் குறிப்பிட்டு. இடைமுக டேபிளில் 'செயல்பாட்டில்' என்ற நிலையிலேயே மாட்டிக்கொண்ட வரிகளை, ஓட்டிக்கொண்டிருந்த வேலை செத்துவிட்டது என்று உறுதி செய்தபின், எஸ்கியூஎல்லில் 'புதியது' என்று மாற்றலாம். மீட்பு தேவைப்படாது, ஆனாலும் எதையும் தொடும் முன் ஒரு லாக் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக மிஞ்சும் கூட்டம் சிறியது, அதை முதலில் கவனிக்க வேண்டும்: தோற்கும் முன்பே வங்கிக்கோ சரக்கு நிறுவனத்துக்கோ செய்தி அனுப்பிவிட்ட ஆவணங்கள். இவற்றுக்கு நம் பக்கத்து டேபிளைப் பார்த்தால் போதாது. வெளிக் குறிப்பு எண்ணை எடுத்து, அவர்கள் பக்கத்தில் பணம் போய்விட்டதா, சரக்கு ஆணை பதிவாகிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அந்தக் கோரிக்கைகளை யாரும் ரிப்பீட் செய்ய முடியாதபடி அனுமதியை எடுத்து வையுங்கள்.